ஓஸ்லோ பியோர்டில் ஒரு சிறு படகு

நார்வே நாட்டின் தலைநகராகிய ஓஸ்லோவிலிருந்து தெற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடல், நிலத்தினுள் கை நீட்டிக் கிடக்கின்றது. இதனை ஓஸ்லோ பியோர்டு என்பர். இரு கரைகளிலும் பாறைகளும் பைன் மரங்களும். பாறை இடுக்குகளிலெல்லாம் சிறு படகுத்துறைகள். நம் ஊர் வீட்டு வாயில்களில் மிதிவண்டி சாய்ந்திருப்பதைப் போல அங்கே படகுகள் கட்டப்பட்டிருக்கின்றன. செல்வந்தரின் ஆடம்பரம் என்று எண்ணிவிட வேண்டாம். ஆசிரியரும் தச்சரும் செவிலியரும்கூடப் படகு வைத்திருக்கின்றனர். மீன் விற்றுப் பிழைப்பதற்கன்று. கோடை மாலையில் பிள்ளைகளோடு தூண்டிலிட்டு, இரவு உணவுக்கு நாலு மீன் கொண்டு வருவதற்கே. கடலில் தூண்டிலிட அந்நாட்டில் எவருக்கும் உரிமச்சீட்டுத் தேவையில்லை.

பியோர்டு மிகவும் குறுகும் இடத்தில் ட்ரோபாக் என்னும் சிற்றூர் இருக்கின்றது. 1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மானியரின் ‘புளூஹர்’ என்ற போர்க்கப்பல் இவ்விடத்தில்தான் மூழ்கடிக்கப்பட்டது. அவ்வூரில், ஓய்வு பெற்ற ஆசிரியத் தம்பதியர் இல்லத்தில் சில நாட்கள் நாம் விருந்தினராய்த் தங்கியிருந்தோம். அவர்களுடைய படகு ‘ஸ்னெக்கெ’ என்னும் வகையைச் சேர்ந்தது. ஏறக்குறைய இருபது அடி நீளம். முன்னும் பின்னும் கூர்மையானது. ஓட்டுக்கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதைப் போலப் பலகைகளை அடுக்கிச் செப்பாணியால் இறுக்கியிருக்கின்றனர்.

இத்தகைய படகை வாங்குவது எளிது. வைத்துப் பேணுவதே பெரும்பாடு. இலையுதிர் காலத்தில் அதைக் கரையேற்றி, எஞ்சினில் நிற்கும் நீரை ஒரு சொட்டும் விடாமல் வடிக்க வேண்டும்; இல்லையேல் பனியில் அந்நீர் உறைந்து விரிந்து இரும்பையே பிளந்துவிடும். வசந்தத்தில் அடிப்பக்கத்தைச் சுரண்டி, பாசியும் சிப்பியும் பற்றாதபடி வண்ணம் பூச வேண்டும். பிறகு படகைக் கடலில் இறக்கினால், நமக்கு வியப்பாயிருந்தது, அது உடனே ஒழுகத் தொடங்குமாம்! குளிர்காலமெல்லாம் உலர்ந்து சுருங்கிய பலகைகள் நீரை உறிஞ்சி ஊதும்வரை, ஓரிரு நாட்கள் நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பலகைகள் ஊறிவிட்டால் இடுக்குகள் தாமே அடைபட்டுவிடுகின்றன. இதை அறியாமல் புதிதாய் மரப்படகு வாங்கியவர்கள் பதறிப்போவதுண்டு என்று அவ்வம்மையார் நகைத்தார்.

எஞ்சின், பெர்கன் நகரில் செய்யப்பட்ட ஒற்றை உருளை டீசல் எஞ்சின். கையால் சுழற்றியே அதைக் கிளப்பினார் ஆசிரியர். அதற்குப் பற்சக்கரப் பெட்டி கிடையாது. முன்செல்லவும் பின்செல்லவும் விசிறியின் இதழ்களையே திருப்பிவிடுகின்றனர். ‘டுக், டுக்’ என்ற அதன் ஓசையைக் கொண்டே வருவது யாருடைய படகு என்று துறையிலுள்ளோர் சொல்லிவிடுவார்களாம். 8 மீட்டருக்குக் குறைந்த படகு ஓடும்போது அதிலுள்ளோர் மிதவை அங்கி அணிந்திருக்க வேண்டும் என்பது 2015 முதல் சட்டம். ஏழு வயதுப் பேத்தி நமது அங்கியின் வாரை இழுத்துப் பார்த்துச் சரியென்று தலையசைத்த பின்னரே கயிறு அவிழ்க்கப்பட்டது.

கோடையில் அங்கே கிடைப்பது பெரும்பாலும் கானாங்கெளுத்தி இன மீன். ஒரே நூலில் கட்டிய பல தூண்டில்களிலும் ஒருசேரச் சிக்கும். அன்று அரைமணி நேரத்தில் ஆறு கிடைத்தன. ஏழாவதாகப் பேத்தியின் தூண்டிலில் வந்தது வேறொன்று: தாடையின் கீழ் ஒற்றை மீசையும் பழுப்புப் புள்ளிகளும் கொண்ட ஒரு முழ நீள மீன். நம் பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கும் மீன் எண்ணெய் இதன் ஈரலிலிருந்தும் எடுக்கப்படுகின்றது. அதுவே காட் மீன். ஆசிரியர் கையை நனைத்துக்கொண்டு, முள்ளை மெல்லக் கழற்றி, மீனை நீரிலே விட்டுவிட்டார். சிறுமி ஒன்றும் சொல்லவில்லை. நீரைப் பார்த்தவாறு இருந்தாள்.

2019 ஜூன் 15 முதல் ஓஸ்லோ பியோர்டில் காட் மீன் பிடிப்பது தடுக்கப்பட்டுள்ளது. உயிரோடு சிக்கினால் விட்டுவிட வேண்டும். ஒரு காலத்தில் இங்கு மலிந்திருந்த மீன் அது. அளவின்றிப் பிடித்தது ஒரு காரணம். வயல் உரமும் நகரக் கழிவுநீரும் பாசியைப் பெருக்க, அது மடிந்து அடியில் அழுகி நீரின் உயிர்வளியைத் தின்பது மற்றொன்று; கடல் வெப்பமடைந்து வருவதும் உண்டு. “கழிவுநீரைக் கேட்காமல் குழந்தையின் தூண்டிலைக் கேட்கிறார்கள்” என்று ஆசிரியர் குறைபட்டுக்கொண்டார். அவர் வருத்தம் நமக்கும் நியாயமாகவே பட்டது. ஆயினும் தென் நார்வேக் கரையின் ஒரு பகுதியில் மீன்களுக்கு அடையாளமிட்டு விட்டு ஆராய்ந்தபோது, பிடிபட்ட காட் மீன்களில் பெரும்பங்கு தொழில் மீனவர் வலையில் அன்று, பொழுதுபோக்குக்காகப் பிடிப்போர் கையிலேயே சிக்கியதாகத் தெரியவந்தது. சிறு தூண்டில்தான், ஆனால் எத்தனை ஆயிரம் தூண்டில்கள்! இதை நாம் சொன்னபோது, தாமும் அதைப் படித்திருப்பதாக அவர் ஒப்புக்கொண்டார்.

பிறகு ஏன் இத்தனை உழைப்பும் செலவும், படகை விற்றுவிடலாமே என்று கேட்டோம். அம்மையார் விடையிறுத்தார்: தம் தந்தை இதே படகில் குளிர்காலந்தோறும் காட் பிடித்தவர், பேத்திக்கு அம்மீனின் உருவமாவது தெரிய வேண்டாமா? அடுத்த ஆண்டு எஞ்சினைச் சுழற்ற அவளுக்குக் கற்பிக்கப் போகிறார்களாம். அதற்குள் கைக்கு வலு வர வேண்டும்.

ஆறு கானாங்கெளுத்திகளையும் துறையின் பாறைமீதே அரிந்து கழுவினோம். குடல்களுக்குக் கடற்பறவைகள் சண்டையிட்டன. சிறுமி படகின் அடியில் தேங்கிய நீரைத் தகரக் குவளையால் இறைத்து முடித்து, கயிற்றை இருமுறை சுற்றிக் கட்டிவிட்டு வந்தாள்.