12 பவுண்டு காற்று

புரட்டாசியில் நல்ல மழை ஒன்று பிடித்து ஓய்ந்தால் பெரம்பலூர் மாவட்டத்து லப்பைக்குடிக்காட்டு டயர் கடைகளில் கூட்டம் சேரும். ஊருக்கு வடக்கே வெள்ளாறு. ஆற்றைத் தாண்டினால் திட்டக்குடி, கடலூர் மாவட்டம். ஆற்றோரத்தில் மணல் கலந்த நிலம். தெற்கே குன்னம் வட்டம் முழுக்க விரிந்து கிடக்கும் கரிசல், மக்காச்சோளமும் பருத்தியும் மானாவாரியாக விளையும் பூமி. வாடகை உழவுக்குப் போகும் டிராக்டர் ஒரே வாரத்தில் இந்த இரண்டு மண்ணிலும் இறங்க வேண்டியிருக்கிறது. ஒன்றில் நன்றாக இழுத்த வண்டி மற்றதில் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றும். டீசல் எரியும், மண் பறக்கும், கலப்பை நகராது.

நான் பார்க்கப் போன கடைக்காரரை எல்லோரும் ‘டயர் பாய்’ என்கிறார்கள். ஐம்பதைத் தாண்டியவர். வளைகுடா நாட்டுக்கு ஆள் போகாத வீடு இந்த ஊரில் குறைவு, இவரும் போனவர்தான். ஆனால் பார்த்த வேலை கொஞ்சம் விசித்திரமானது. துபாயிலிருந்து ஹத்தா போகும் சாலையில் ‘பிக் ரெட்’ என்று சுற்றுலாக்காரர்கள் அழைக்கும் செம்மணல் மேடு இருக்கிறது. அங்கே நான்கு சக்கர பைக்குகளை மணி வாடகைக்கு விடுவார்கள். அந்த வண்டிகளுக்கு டயர் மாற்றுவதும் காற்றுப் பார்ப்பதும் இவர் வேலை.

“குவாட் பைக்குன்னு சொல்லுவாங்க தம்பி. பின்னாடி சக்கரம் இவ்வளவுதான் உசரம்” என்று முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே கையை வைத்துக் காட்டினார். “ஆனா அகலம் ஒரு முழத்துக்குப் பாதிக்கு மேல வரும். அதுல எவ்வளவு காத்து வைப்போம்னு நெனைக்கிறீங்க? நாலு பவுண்டு, அஞ்சு பவுண்டு.”

சைக்கிள் டயரில்கூட அதைப்போலப் பல மடங்கு காற்று அடிக்கிறோம். பந்தய வகைக் குவாட்டுகளில் பின் அச்சு ஒரே தண்டு. டிஃபரன்ஷியல் கிடையாது, இரண்டு சக்கரமும் சேர்ந்தேதான் சுற்றும். அதனால் ஒரு சக்கரம் மட்டும் தனியே சுற்றி ஏமாற்றும் பேச்சே இல்லை. மீதிப் பிடி முழுவதும் டயரில்தான். மணலுக்கு ஒரு டயர், அதன் குறுக்கே துடுப்பு வடிவத்தில் பத்துப் பன்னிரண்டு ரப்பர் பட்டைகள் நிற்கும். இறுகிய மண் பாதைக்கு வேறு டயர், நெருக்கமாகச் சின்னச் சின்னப் பட்டன்கள். இந்தப் பட்டன்களின் முன்விளிம்பு மழுங்கிவிட்டால், உயரம் பாக்கி இருந்தாலும் வண்டி வழுக்கும். பாய் அங்கே கத்தியைச் சூடு பண்ணி ஒவ்வொரு பட்டனின் விளிம்பையும் சீவியிருக்கிறார். பெரிய பட்டன்களில் நடுவே ஒரு கோடு கீறிவிடுவதும் உண்டு. ஒரு விளிம்பு இரண்டாகும்; ரப்பரும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

ஊர் திரும்பிக் கடை போட்டபோது அந்தக் கைப்பழக்கம் டிராக்டருக்கு எந்த அளவுக்கு உதவியது என்று கேட்டேன். “பாதிதான் உதவுச்சு” என்றார். அந்த மீதிப் பாதியைப் பார்ப்பதற்குத்தான் அன்று முழுக்க அவரோடு இருந்தேன்.

முதலில் வந்த வண்டியில் கோளாறு கண்ணுக்கு நேரே தெரிந்தது, தெரிந்தவருக்கு. டிராக்டரின் பின் டயரில் சாய்ந்த கட்டைகள் இரண்டு வரிசையாக நடுவை நோக்கி வரும். வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் அவற்றின் கூர்முனை மேலே பார்க்க வேண்டும். அப்போதுதான் தரையில் நடுப்பகுதி முதலில் பட்டு, சேறு இரண்டு ஓரமாகப் பிதுங்கி வெளியேறும். திருப்பி மாட்டினால் சேறு நடுவே குவிந்து அப்பிக்கொள்ளும். இரண்டு சுற்றில் டயர் மொட்டையாகிவிடும். இந்த வண்டிக்கு அகலத்தைக் கூட்டுவதற்காகச் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்ட யாரோ, இடது வலது மாற்ற மறந்திருக்கிறார்கள். பாயின் அக்காள் மகன் ஜாக்கியை எடுக்கப் போனான். “மாமா, ரெண்டுமேவா?” “ரெண்டுந்தான்டா.” முக்கால் மணி நேர வேலை.

காத்திருந்த நேரத்தில் பாய் இன்னொன்று சொல்லிக்கொடுத்தார். வயல் வரப்பில் டிராக்டர் போன தடத்தைப் பார்த்தால் அது எந்தப் பக்கமிருந்து வந்தது என்று சொல்லிவிடலாமாம். தடத்தின் கூர்முனை வந்த திசையைக் காட்டும். நிமிர்ந்த டயரில் மேலே பார்க்கும் கூர், மண்ணில் பின்னால் பார்க்கிறது. யோசித்துப் பார்த்தேன், சரிதான்.

பிடிப்பு டயரில் இருக்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். டயர் செய்வதெல்லாம் மண்ணைப் பின்னால் தள்ளுவதுதான். அந்த மண் அறுந்து கொடுக்காமல் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் இழுவை. மண் தாங்குவது இரண்டு விதத்தில்: துகளும் துகளும் உரசுவதால் ஒன்று, துகள்கள் ஒட்டிக்கிடப்பதால் இன்னொன்று. இதைக் கணக்காக்கியவர் பிரெஞ்சுக்காரர் கூலும். மின்னூட்டத்தின் அலகுக்குப் பெயர் கொடுத்த அதே ஆள். மார்த்தினீக் தீவில் கோட்டை கட்டிய ராணுவப் பொறியாளராக இருந்து, ஊர் திரும்பி 1773-ல் பாரிஸ் அகாதமியில் படித்த கட்டுரை அது. மணலில் ஒட்டு கிடையாது, உரசல் மட்டும். மேலே பாரம் ஏற ஏற உரசலும் ஏறும். நனைந்த களிமண்ணில் நேரெதிர். பாரத்தைத் துகள்களுக்கு நடுவே உள்ள தண்ணீர் வாங்கிக்கொள்கிறது, உரசல் ஏறுவதில்லை. அங்கே எடை போட்டால் வண்டி புதையும், அவ்வளவே. எவ்வளவு பரப்பில் மண்ணைப் பிடிக்கிறோம் என்பதுதான் கணக்கு.

பாய்க்குக் கூலும் யாரென்று தெரியாது. ஆனால் ஈரக் கரிசலில் உழ அவசரப்பட்ட ஒருவர், “சக்கரத்துல இரும்பு வெயிட்டு மாட்டிவிடு பாய்” என்று வந்தபோது அவர் சொன்ன பதில் இதுதான்: “ரெண்டு நாள் போகட்டும்ணே. மண்ணு பதத்துக்கு வரட்டும். இப்ப எடை போட்டா நீங்க உழ மாட்டீங்க, நடுவீங்க.” வந்தவர் சிரித்துவிட்டுப் போனார். வேறு கடைக்குப் போயிருக்கவும் கூடும்.

நெல் வயலுக்கு வழி வேறு. தண்ணீர் கட்டிய சேற்றில் ரப்பர் டயருக்குப் பக்கத்தில் கேஜ் வீல் மாட்டுகிறார்கள், பட்டைக் கம்பிகள் வைத்த இரும்புச் சக்கரம். பரப்பும் கூடும், சேறும் கம்பி இடுக்கில் வழிந்துவிடும். பாலைவனத்தின் துடுப்பு டயரும் இதுவும் ஒரே யோசனை என்று பாய் சொன்னதை நான் ஒப்புக்கொள்கிறேன். டிராக்டர் பிறந்ததே இரும்புச் சக்கரத்தோடுதான். 1932-ல் அமெரிக்காவில் ஆலிஸ்-சால்மர்ஸ் கம்பெனியும் ஃபயர்ஸ்டோனும் சேர்ந்து காற்று டயரைப் போட்டுக் காட்டியபோது, இது வயலில் இழுக்குமா என்று சந்தேகப்பட்டவர்கள் நிறைய. இழுத்தது. சேற்றில் மட்டும் இரும்பு திரும்பி வந்துவிட்டது. தார்ச் சாலையில் ஏற்றினால் கேஜ் வீல் சாலையைக் கொத்திவிடும் என்பது தனிச் சண்டை.

மதியம் ஒரு வண்டி வந்தது. 13.6-28 டயர், ஒன்பது கொத்துக் கலப்பை. கரிசல் காய்ந்து உதிரும் பதத்தில் இருக்கிறது, ஆனாலும் சக்கரம் சுற்றுகிறது என்றார் உரிமையாளர். டயர் தேய்ந்திருக்கவில்லை. இந்த மாவட்டத்திலேயே நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலை இருப்பதை நினைத்துக்கொண்டு, புது டயர் வாங்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பாய் சாக்பீஸை எடுத்துக்கொண்டு, “வாங்க, வயலுக்கே போவோம்” என்றார்.

அங்கே நடந்தது எளிய சோதனை. பின் டயரில் ஒரு கோடு. கலப்பையை இறக்கி உழுதபடி சக்கரம் பத்துச் சுற்று வரும் தூரத்துக்கு முளை அடித்தார்கள். பிறகு கலப்பையைத் தூக்கிக்கொண்டு அதே தூரத்தை ஓட்டச் சொன்னார். எட்டே சுற்றில் முடிந்துவிட்டது. அதாவது உழும்போது நூற்றுக்கு 20 பங்கு சும்மா சுற்றியிருக்கிறது. சுத்தமாக வழுக்காத சக்கரம் என்று ஒன்று கிடையாது; கொஞ்சமாவது மண்ணை அழுத்தித் தள்ளினால்தான் இழுவையே வரும். 10 முதல் 15 வரை இருந்தால் நல்லது என்பதுதான் பொறியாளர்கள் சொல்லும் கணக்கு.

காற்றைப் பார்த்தார். 20 பவுண்டு. சாலையில் டிரெய்லர் இழுக்க வைத்தது. கடைக்கு வந்து, சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, வால்வு உச்சிக்கு வரும்படி சுழற்றி நிறுத்தி, வால்வின் பின்னைக் கழற்றிக் குழாயைச் சொருகினார்கள். தண்ணீர் ஏறும், நடுநடுவே காற்றை வெளியே விட வேண்டும். வால்வு மட்டத்துக்குத் தண்ணீர் வந்து வழிந்தால் டயரில் முக்கால் பங்கு நிறைந்தது என்று பொருள், அளக்கவே வேண்டாம். ஒரு சக்கரத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் பிடித்தது. மேலே மிஞ்சிய இடத்தில் காற்று, 12 பவுண்டு. டயரிலும் ரிம்மிலும் சேர்த்து ஒரு கோடு போட்டார்: காற்று குறைந்த டயர் ரிம்மின் மேல் நழுவினால் ட்யூபின் வால்வைப் பிய்த்துவிடும், அந்தக் கோடு விலகினால் முன்கூட்டியே தெரியும். குவாட்டில் பழகிய வேலை இது.

மறுபடி வயல். உழும்போது பத்துச் சுற்று, உழாமல் எட்டே முக்கால். நூற்றுக்கு 20 என்று இருந்த வழுக்கல் 12-க்கும் 13-க்கும் நடுவே வந்துவிட்டது. உரிமையாளருக்கு எண்களைவிட வண்டியின் சத்தம் மாறியதே போதுமாக இருந்தது.

கிளம்பும்போதுதான் தகராறு. “ரோட்டுல டிரெய்லரோட போறதுக்கு முன்னாடி காத்தை ஏத்திக்கங்கண்ணே. இல்லாட்டி டயரோட பக்கச் சுவர் வெடிச்சுப் போகும்” என்றார் பாய்.

“காலையில இறக்கி, சாயங்காலம் ஏத்தி, அதுக்கொரு ஆள் வச்சா கட்டுமா பாய்? நடுவுல ஒரு அளவா வச்சு விடு.”

“நடுவுல வச்சா வயலுக்கும் சரியா வராது, ரோட்டுக்கும் சரியா வராது.”

“பரவால்ல.”

பாய் என்னைப் பார்த்தார், பிறகு பையனைப் பார்த்து, “பதினாறு வைடா” என்றார்.