52 நாளில் ஒரு சுவர், 11வது நாளில் செத்த சென்சார்

டிசம்பர் லீவுக்கு நாகர்கோவில் போனால் எனக்கு ஒரு வேலை காத்திருக்கும். ஆச்சிக்குக் கண்ணில் புரை. ஆபரேஷனுக்குப் பயந்து தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்காங்க. அதனால ராத்திரி ஜெபத்தில் பைபிள் வாசிக்கிறது என் பொறுப்பு. எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம் படிச்ச எனக்கு அந்தப் பழைய தமிழ் லேப் மேனுவலை விடக் கஷ்டம். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். "பைய வாசி மக்கா, உன்னை யாரும் தொரத்தல்ல" என்பாங்க ஆச்சி.

இந்த முறை நெகேமியா புத்தகம். முதல் அதிகாரத்தின் கடைசியிலேயே 'பானபாத்திரக்காரன்' என்ற வார்த்தையில் மாட்டிக்கிட்டேன். ராஜாவுக்குத் திராட்சரசம் எடுத்துக் கொடுக்கிற ஆள்னு ஆச்சி சொன்னாங்க. "ராஜா நம்பிக் குடிக்கணும்னா, குடுக்கவன் நம்பிக்கையான ஆளா இருக்கணும்லா." அவங்க சாதாரணமாத்தான் சொன்னாங்க. எனக்குத்தான் சுருக்குன்னு இருந்தது.

காரணம் சொல்றேன். எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், குளத்துத் தண்ணீரின் தரத்தை அளக்கிற ஒரு கருவி. நாலு பேர் டீம், நான் லீடர். 30 நாள் ரீடிங் வேணும். 11வது நாள் பிஎச் சென்சார் செத்துப்போச்சு. புதுசு வாங்கக் காசும் இல்லை, ரிவ்யூவுக்கு நாளும் இல்லை. மீதி 19 நாளை நானே எக்ஸெல்லில் உட்கார்ந்து உருவாக்கினேன். சந்தேகம் வரக்கூடாதுன்னு அங்கங்க 0.1, 0.2 ஏத்தி இறக்கினேன். கிராஃப் அழகா வந்தது. கைடு மேடம் எல்லார் முன்னாடியும் பாராட்டினாங்க. டீமில் மத்த மூணு பேருக்கும் இது தெரியாது. அவங்க ஒழுங்கா வேலை செய்யலங்கிற கோபம் மட்டும் எனக்கு நிறைய இருந்தது. ஜெபத்தில்கூட அவங்களைப் பத்திப் புகார்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்.

நெகேமியா இருந்தது சூசானில். இன்றைய ஈரானின் தென்மேற்குப் பகுதி அது. கி.மு. 445 வாக்கில், பெர்சிய ராஜா அர்தசஷ்டாவின் அரண்மனையில் நல்ல உத்தியோகம். எருசலேமின் சுவர் இடிந்து, கதவுகள் எரிந்து கிடக்கின்றன என்று ஊரிலிருந்து வந்தவர்கள் சொல்கிறார்கள். உடனே உட்கார்ந்து அழுது, பல நாள் உபவாசம் இருந்து ஜெபிக்கிறார். அந்த ஜெபத்தில்தான் என் வாசிப்பு நின்றது. பாபிலோன்காரர்கள் அந்த ஊரை எரித்து அப்போதே ஏறத்தாழ 140 வருஷம் ஆகிவிட்டது. அந்த அழிவில் இவருக்கு நேரடியாக ஒரு பங்கும் இல்லை. முன்னோர் செய்த தப்புக்கு நான் என்ன பண்ணட்டும் என்று கேட்டிருக்கலாம். அவரோ, பாவம் செய்தவர்களின் கணக்கில் தன்னையும் தன் அப்பா வீட்டையும் தனியாகப் பேர் சொல்லிச் சேர்த்துக்கொள்கிறார்.

எங்க ஆலயத்திலும் ஆராதனையில் பாவ அறிக்கை உண்டு. எல்லாரும் சேர்ந்து 'நாங்கள்' என்றுதான் சொல்வோம். சின்ன வயசிலிருந்து சொல்லி எனக்கு மனப்பாடம். உண்மையைச் சொன்னா, அந்த 'நாங்கள்' எனக்கு நல்ல மறைவிடம். கூட்டத்தோடு சேர்ந்து முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்துவிடலாம். நெகேமியாவும் 'நாங்கள்' என்றுதான் சொல்கிறார். ஆனா அதுக்குள்ள ஒளிஞ்சுக்கல.

ஜெபித்ததும் அவர் கிளம்பிவிடவில்லை. கிஸ்லே மாதம் செய்தி வருகிறது, நிசான் மாதம்தான் ராஜாவிடம் பேசுகிறார். நடுவில் சுமார் நாலு மாசம். ஏன் முகம் வாடியிருக்கிறது என்று ராஜா கேட்டபோது, பதில் சொல்வதற்குள் மனசுக்குள்ளேயே ஒரு ஜெபம். அப்புறம் கேட்பதெல்லாம் கச்சிதம்: எவ்வளவு நாள் லீவு, வழியில் காட்ட அதிகாரிகளுக்குக் கடிதங்கள், கதவுகளுக்கும் வீட்டுக்கும் மரம். அந்த நாலு மாச ஜெபத்தில் எஸ்டிமேட்டும் போட்டிருப்பார் போல. எருசலேம் போனதும் யாரிடமும் சொல்லாமல் ராத்திரியில் சுவரைச் சுற்றிப் பார்க்கிறார். சிவில் பசங்க படிக்க வேண்டிய இடம்! பொற்கொல்லர்கள், தைலக்காரர்கள், சல்லூம் என்பவரின் மகள்கள் எல்லாரும் சேர்ந்து கட்டுகிறார்கள். பலருக்கு அவரவர் வீட்டுக்கு எதிரே உள்ள பகுதிதான் வேலை. ஒரு கையில் வேலை, இன்னொரு கையில் ஆயுதம். 52 நாளில் சுவர் முடிகிறது.

ஆனா எனக்குப் பெரிய விஷயம் சுவர் இல்லை, 5வது அதிகாரம். பஞ்ச காலத்தில் ஏழைகள் வயலையும் வீட்டையும் அடமானம் வைத்து, பிள்ளைகளை அடிமையாக்குகிற நிலைமைக்கு வந்துவிட்டார்கள். வட்டி வாங்குவது சொந்த ஜனத்துப் பெரிய மனுஷர்கள். நெகேமியா கூட்டம் கூட்டி அவர்களைக் கண்டிக்கிறார். அங்கேயும், நானும் என் ஆட்களும் கடன் கொடுத்திருக்கிறோம், நாம் இதை விட்டுவிடுவோம் என்ற மாதிரி தன்னையும் சேர்த்தே பேசுகிறார். வருத்தப்பட்டால் மட்டும் போதாது, வாங்கின நிலத்தையும் வட்டியையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள் என்கிறார்.

"இன்னைக்கே"ங்கிறதை ஆச்சி ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னாங்க. ஆச்சிக்கு என் எக்ஸெல் பத்தி ஒண்ணும் தெரியாது. அன்னைக்கு ராத்திரி மாடியில் ஜெபிச்சேன். வழக்கமான நீளமெல்லாம் இல்லை. "அந்த 19 நாள் நான் போட்டது." அவ்வளவுதான் வந்தது.

'இன்னைக்கே' என்னால முடியல. நாலு நாள் ஆச்சு. முதலில் டீமுக்கு போன் பண்ணினேன். ஒருத்தன் கெட்ட வார்த்தையில் திட்டினான், இன்னொருத்தி வாட்ஸ்அப் குரூப்பை விட்டே போயிட்டா. நியாயம்தான். அவங்க மார்க்கும் சேர்ந்துதான் போகும். அப்புறம் மேடத்துக்கு மெயில். பதிலா ஒரு வரிதான் வந்தது, ஜனவரியில் நேரில் வந்து பார்க்கச் சொல்லி. போய் நின்னேன். ரிவ்யூ மார்க் குறைஞ்சது. 30 நாளும் முதலிலிருந்து எடுக்கணும்.

நெகேமியா சுவரோடு முடிந்திருந்தால் எனக்கு இவ்வளவு நெருக்கமாகியிருக்காது. ஜனங்கள் அழுது, பாவத்தை அறிக்கை செய்து, உடன்படிக்கையில் கையெழுத்தும் போடுகிறார்கள். 12 வருஷத்துக்குப் பிறகு அவர் ராஜாவிடம் போய்விட்டுத் திரும்பி வந்தால், விட்டுவிடுவோம் என்று கையெழுத்துப் போட்டதையெல்லாம் திரும்பச் செய்துகொண்டிருக்கிறார்கள். ஓய்வுநாளில் வியாபாரம். தேவாலயத்தின் களஞ்சிய அறையில், எதிரியாக இருந்த தொபியா தட்டுமுட்டுச் சாமானோடு குடியிருக்கிறான். நெகேமியா அதையெல்லாம் வெளியே எறிந்து, அறையைச் சுத்தம் பண்ணச் சொல்கிறார். இன்னொரு இடத்தில் ஆட்களை அடித்துத் தலைமுடியையும் பிடுங்குகிறார். அதை எனக்கு இன்னும் ஜீரணிக்க முடியல. ஆச்சியிடம் கேட்டேன். "அவரும் மனுஷன்தான மக்கா" என்றாங்க.

தொபியா எனக்கும் திரும்பி வந்தான். போன வாரம் லேபில் கரன்ட் போய் ரெண்டு நாள் ரீடிங் பதிவாகல. முந்தின நாள் 7.2, அடுத்த நாள் 7.3. நடுவில் ரெண்டே ரெண்டு கட்டம். கை தானாவே அங்க போச்சு, 7.2ன்னு டைப்பும் பண்ணிட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்து அழிச்சேன். குரூப்பை விட்டுப் போனவளுக்குத் தனியா மெசேஜ் போட்டேன்: "ரெண்டு நாள் டேட்டா இல்லை. காலியாவே விடட்டுமா?"

ராத்திரி பதினொன்றரைக்கு பதில் வந்தது. "விடு. ஏன் இல்லைன்னு கீழ எழுது."