சுழியோடாதார்க்கு ஒரு சுழியோடிக் கடிகாரம்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபொழுது, கல்லூரி அன்னையின் பெருமை பேசுவார் பலர் உளராதலின், எம் மணிக்கட்டில் இருபத்தைந்து ஆண்டுகள் உறைந்த சிறு பொருள் ஒன்றைப் பற்றிப் பேசத் துணிந்தோம். அஃது ஒரு சுழியோடிக் கைக்கடிகாரம். யாமோ கீரிமலைக் கேணிக்கு அப்பால் ஆழம் கண்டறியோம். ஆழ்கடல் காணாதார்க்கு ஆழ்கடற் கடிகாரம் எதற்கு என நண்பர் நகைப்பதுண்டு. அவர்க்கு விடையாகவே இதனை எழுதுகின்றோம்.

1994ஆம் ஆண்டு யாம் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றினோம். யாழ்ப்பாணத்தில் அன்று மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையினால் மின்கலங்களும் அரும்பொருளாயின. எம் கையிலிருந்த மின்கலக் கடிகாரம் ஒருநாள் நின்றது. அதற்குரிய, சட்டைப் பொத்தான் அளவினதான மின்கலம் எக்கடையிலும் கிடைத்திலது. பரீட்சை தொடங்கிய காலையில் எம் தந்தையார் தமது பழைய சுவிற்சர்லாந்துக் கடிகாரத்தைக் கழற்றி எம் கையிற் கட்டினார். நாள்தோறும் திருநீறு தரித்தவுடன் அதற்குச் சாவி கொடுப்பது அவர் வழக்கம். மின்கலம் வேண்டாத அச் சுருள்வில் பரீட்சை முடியும்வரை எம்மைக் கைவிடவில்லை.

அடுத்த ஆண்டு, 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி, ஊர் முழுதும் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தது. நாவற்குழி வழியில், கொட்டும் மழையில், அடியெடுத்து வைக்க இடமின்றி நின்ற பெருங்கூட்டத்துள் யாமும் நின்றோம். விடியும் வேளையிற் பார்த்தால், கடிகாரக் கண்ணாடியின் உள்ளே நீர் நின்றது, முட்கள் அசையவில்லை.

"அப்பா, மணிக்கூடு நின்றுவிட்டது" என்றோம்.

"மணிக்கூட்டைப் பிறகு பார்ப்போம் தம்பி, முதலில் அம்மாவின் கையைப் பிடி" என்றார்.

பிறகு பார்க்க வாய்க்கவில்லை. உட்பொறி துருவேறிவிட்டது. தந்தையாரும் மறு ஆண்டு இறைவனடி சேர்ந்தார். மின்கலமும் வேண்டாது, மழைக்கும் அஞ்சாது ஓடும் கடிகாரம் ஒன்று, சாதாரண மனிதர் வாங்கும் விலையில் உண்டோ என்ற வினா மட்டும் எம்முள்ளத்தில் நிலைத்தது.

1999ஆம் ஆண்டு கொழும்பில் சம்பளம் பெறத் தொடங்கியபின் அதற்கு விடை கண்டோம். சில மாதம் சேர்த்த பணத்தில், யப்பானிய சீக்கோ நிறுவனத்தின் எஸ்.கே.எக்ஸ். 007 என்னும் கடிகாரத்தை வாங்கினோம்.

இவ்வகைக் கடிகாரங்கள் முதலிற் செல்வர்க்கோ ஏழையர்க்கோ எனச் செய்யப்பட்டனவல்ல, தொழிலுக்கெனச் செய்யப்பட்டன. பிரெஞ்சுக் கடற்படைச் சுழியோடிகளுக்கென 1953இல் பிளாங்பான் நிறுவனம் ஒன்றைச் செய்தது. அதன் பெயர் 'ஐம்பது பாகம்' எனப் பொருள்படும். ஏறத்தாழ 91 மீற்றர் ஆழம். அக்காலத்திலேயே ரோலெக்ஸ் சப்மரீனரும் தோன்றியது. இவை இன்று எம்போன்றார் கைக்கெட்டாத விலையின. ஆனால், 1965இல் சீக்கோவும், 1967இல் சோவியத் நாட்டின் சிஸ்தபோல் நகரத்து வொஸ்தொக் தொழிற்சாலையும் இதே பணியைக் குறைந்த விலையிற் செய்து காட்டின. வொஸ்தொக்கின் அம்பீபியாவில் உள்ள நுட்பம் வியத்தற்குரியது. நீரின் அழுத்தம் கூடக்கூட அவ்வழுத்தமே மூடியை மேலும் இறுக்கிவிடும். பகையையே காவலாக்கிய அறிவு அது.

எமது கடிகாரத்தினுள்ளே பிறைவடிவான எடை ஒன்று உண்டு. கை அசையுந்தோறும் அது சுழன்று சுருள்வில்லை முறுக்கும். கழற்றி வைத்தாலும் ஏறத்தாழ நாற்பது மணி நேரம் ஓடும். திருகி மூடும் சாவிக் குமிழ் நீரைத் தடுக்கும். வெளிவளையம் இடப்புறமாக மட்டுமே சுழலும். தற்செயலாக இடிபட்டு அது நகர்ந்தால், கழிந்த நேரத்தைக் கூட்டிக் காட்டுமேயன்றிக் குறைத்துக் காட்டாது. சுழியோடி முந்தி மேலெழுவானேயன்றிப் பிந்தான். சர்வதேச நியம நிறுவனத்தின் 6425ஆம் இலக்க நியமப்படி, இத்தகைய கடிகாரம் குறித்த ஆழத்தின் அழுத்தத்திலும் காற்பங்கு கூடிய அழுத்தத்தைத் தாங்கவேண்டும். இருளில் 25 சென்ரிமீற்றர் தூரத்தில் மணி தெரியவேண்டும்.

குறைகளையும் மறைத்தல் தகாது. நாளொன்றுக்கு இருபது செக்கன் பிந்தவோ நாற்பது செக்கன் முந்தவோ அதற்கு உரிமை உண்டு என்பது செய்தோரே கூறும் கணக்கு. மலிவான மின்கலக் கடிகாரமும் இதனை வெல்லும். சாவி கொடுக்க வழியில்லை. நின்றுவிட்டால் அசைத்தே எழுப்பவேண்டும். 200 மீற்றர் என்னும் எழுத்தும் என்றுமுள்ள வரமன்று. இறப்பர் வளையங்கள் காலத்தால் இறுகும். பத்தாண்டு அவற்றை மாற்றாதிருந்த எம்மைக் கடிகாரம் திருத்தும் பெரியவர் கடிந்துகொண்டார். கடிந்தபடியே மாற்றியும் தந்தார். நகரத்தின் சிறு கடையொன்றில் திறந்து திருத்தத்தக்கது என்பதே இக் கடிகாரத்தின் பெருஞ் சிறப்பென அன்று உணர்ந்தோம்.

2019ஆம் ஆண்டளவில் இவ்வகையின் உற்பத்தி நின்றது. அதன் சாயலில் வந்த சீக்கோ 5 கடிகாரங்கள் 100 மீற்றருக்கே உரியன. குமிழும் திருகி மூடுவதன்று. வாங்க விரும்பும் இளைஞர் ஓரியன்ற் கமாசு, சிற்றிசன் புரொமாஸ்ரர், வொஸ்தொக் அம்பீபியா ஆகியவற்றை நோக்கலாம். மூன்றும் 200 மீற்றர் தாங்குவன. எதனை வாங்கினும் குமிழை இறுக்குக. நீருள் அதனைத் தொடாதிருக்க. கடலாடியபின் நன்னீரிற் கழுவுக.

எம் மைந்தன் உயர்தரப் பரீட்சைக்குச் சென்ற காலையில் அதனைக் கழற்றி அவன் கையிற் கட்டினோம். வினா ஒன்றைத் தொடங்கும்போது வளையத்தின் குறியை நிமிட முள்ளுக்கு நேரே திருப்பிவைத்தால், கழிந்த நேரம் தானே தெரியும் எனக் காட்டினோம். பரீட்சை முடிந்து மாதங்கள் பல சென்றன. அவன் அதனைத் திருப்பித் தரவில்லை, யாமும் கேட்டிலோம். மழை வரினும் மின் போயினும் அஃது அவனுக்கு உதவுவதாகுக.