கொரிய நாடகங்களும் எங்கள் ஒழுங்கையும்

கொரிய நாடகம் பார்க்கும் பெண் பிள்ளை என்றால் எங்கள் ஊரில் மூன்று குற்றச்சாட்டுகள் வரும். படிப்பு கெடும். காதல் கதை மனதைக் கெடுக்கும். எங்களுக்குப் பொருந்தாத கலாசாரம் வீட்டுக்குள் வரும்.

மூன்றிலும் உண்மை இருக்கிறது. பெரும்பாலும் ஒரு நாடகத்துக்கு 16 பாகங்கள். ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம் அளவில் ஓடும். உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் ஒருத்திக்கு அது சின்ன நேரமல்ல. மதுப் போத்தல் இல்லாத சாப்பாட்டு மேசையை அந்த நாடகங்களில் தேடித்தான் பிடிக்க வேண்டும். சில காட்சிகளை விரலால் தள்ளிவிட்டுத்தான் நாங்கள் பார்க்கிறோம். இவையெல்லாம் தெரிந்துதான் நான் ரசிகை என்று சொல்கிறேன்.

பெற்றோரிடம் எனக்கும் ஒரு கேள்வி உண்டு. 2012ஆம் ஆண்டு ரூபவாஹினியில் சிங்களக் குரலில் வந்த 'சுஜாத தியணி'யை மறந்துவிட்டீர்களா? கொரியாவில் 2003, 2004ஆம் ஆண்டுகளில் 54 பாகங்களாக ஒளிபரப்பான 'டே ஜாங் கும்' என்ற நாடகம்தான் அது. அப்போது எனக்கு நான்கு வயது. சிங்களம் அரைகுறையாக விளங்கினாலும், நாடகம் தொடங்கும் நேரத்துக்கு முன்பே சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவோம் என்று உம்மா இப்போதும் சிரித்துக்கொண்டு சொல்வார். ஆகவே எங்கள் வீட்டின் முதலாவது கொரிய நாடக ரசிகை நானல்ல!

அந்த நாடகத்தைப் பற்றி நான் தேடிப் படித்தபோது ஒரு விடயம் வியப்பைத் தந்தது. ஜாங் கும் உண்மையில் வாழ்ந்த பெண். 16ஆம் நூற்றாண்டில் ஜுங்ஜோங் மன்னருக்கு மருத்துவம் பார்த்தவர். ஆனால் கொரிய அரச வரலாற்றுக் குறிப்புகளில் அவரைப் பற்றி அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வரிகளே உள்ளன. அவர் எங்கே பிறந்தார், எப்படிப் படித்தார் என்பதெல்லாம் அவற்றில் இல்லை. அந்தச் சில வரிகளிலிருந்துதான் 54 பாகங்களை உருவாக்கியிருக்கிறார்கள்.

கொரிய நாடகங்களில் எனக்குப் பிடித்தது இதுதான். நடிகர்களின் அழகும் உடுப்பும் நான்கு நாளில் மறந்துவிடும். தங்கள் மண்ணில் நடந்ததைச் சின்ன விடயம் என்று அவர்கள் ஒதுக்குவதில்லை.

'ரிப்ளை 1988' என்ற நாடகத்தைப் பாருங்கள். சோல் நகரத்தில் ஒரு சாதாரண ஒழுங்கை. அதில் சில குடும்பங்கள். முதல் பாகத்திலேயே ஒரு வீட்டில் சமைத்த கறி அடுத்த வீட்டுக்குப் போகும். அங்கிருந்து வேறொன்று திரும்பி வரும். பிள்ளைகள் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடப்பார்கள். நோன்பு காலத்தில் அஸருக்குப் பிறகு பட்டாணிச்சூரில் எங்கள் ஒழுங்கையும் அப்படித்தான் இருக்கும். கஞ்சி ஒரு வீட்டிலிருந்து போனால் கட்லட் இன்னொரு வீட்டிலிருந்து வரும். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க எந்த உம்மாவும் சம்மதிக்க மாட்டார். இதை யாராவது நாடகமாக எடுத்திருக்கிறார்களா?

அடுத்தது 'க்ராஷ் லேண்டிங் ஒன் யூ'. 2019இன் இறுதியில் தொடங்கிய நாடகம். தென்கொரியப் பெண்ணொருத்தி பரசூட் போன்ற ஒன்றில் பறக்கும்போது புயலில் அகப்பட்டு எல்லைக்கு அப்பால், வடகொரியாவில் விழுந்துவிடுகிறாள். பலர் இதை வெறும் காதல் கதை என்பார்கள். 1950 முதல் 1953 வரை அங்கே போர் நடந்தது. போர்நிறுத்தம் வந்தது, சமாதான ஒப்பந்தம் இன்றுவரை வரவில்லை. சுமார் 4 கிலோமீற்றர் அகலமான ஒரு நிலப்பட்டி நாட்டை இரண்டாக வைத்திருக்கிறது. ஓமந்தையில் பாதை மூடப்பட்டிருந்த காலத்தைக் கண்ட வன்னி மக்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

இந்த நாடகத்தின் சில பாகங்களை உம்மம்மாவோடு இருந்து பார்த்தேன். அடியில் ஓடும் ஆங்கில வரிகளை நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கதாநாயகனைப் பற்றி அக்கறையே இல்லை. "அந்தப் புள்ள ஊட்டுக்குப் போய்ச் சேர்ந்திச்சா?" என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

கொரியாவில் இதைவிடப் பெரிய ஒரு நிகழ்ச்சியும் தொலைக்காட்சியில் நடந்திருக்கிறது. 1983இல் கே.பி.எஸ். நிறுவனம் போரில் பிரிந்த குடும்பங்களைத் தேடும் நேரடி ஒளிபரப்பைத் தொடங்கியது. அது 138 நாட்கள், 453 மணித்தியாலங்களுக்கு மேல் நீடித்தது. பத்தாயிரத்துக்கும் அதிகமான குடும்பங்கள் ஒன்றுசேர்ந்தன. அந்தப் பதிவுகளை 2015இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பெயரையும் ஊரையும் எழுதிய அட்டைகளைப் பிடித்துக்கொண்டு மக்கள் நிற்கும் படங்களைப் பார்த்தபோது எனக்கு எந்த நாடகத்திலும் வராத அழுகை வந்தது.

எங்கள் உம்மம்மா முல்லைத்தீவு நீராவிப்பிட்டியில் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் ஒருவர். புத்தளத்தில் பல வருடங்கள் ஓலைக் கொட்டிலில் வாழ்ந்தவர். பக்கத்து ஊர்த் தமிழ் மக்களுக்கும் 2009 வரை எத்தனையோ இடம்பெயர்வுகள். ஒவ்வொரு வீட்டிலும் 16 பாகங்களுக்குக் குறையாத கதை இருக்கிறது. அவற்றைச் சொல்லக்கூடியவர்களுக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது.

சென்ற விடுமுறையில் உம்மம்மா சொல்வதை ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். வீட்டை விட்டுப் புறப்படும்போது எதை எடுத்தீர்கள் என்று கேட்டேன். எடுத்ததை அவர் சொல்லவில்லை. கோழிக்கூட்டைத் திறந்துவிட்டு வந்ததைச் சொன்னார். அடைத்து வைத்தால் தீனியில்லாமல் செத்துவிடுமாம். எத்தனை கோழிகள், எந்த நிறம் என்பதுகூட அவருக்கு நினைவிருக்கிறது.

இது நாடகமாக வருமா என்று எனக்குத் தெரியாது. இப்போதைக்கு 22 பக்கங்கள் எழுதியிருக்கிறேன். சகோதரிகளே, அடுத்த நாடகத்தைத் தொடங்கும் முன் உங்கள் வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் ஒரு மணித்தியாலம் இருந்து கேளுங்கள். பெற்றோரே, அந்த ஒரு மணித்தியாலத்துக்கு எங்களைப் படிக்கச் சொல்லி எழுப்பிவிடாதீர்கள்.