கடைக்கால் முதல் கிப்லா வரை: வீடு கட்டுவோருக்குச் சில நினைவூட்டல்கள்



மதரஸாவில் ஓதிக்கொடுப்பவருக்கு வீடு கட்டுவதைப் பற்றி எழுத என்ன தகுதி என்று சிலர் கேட்கலாம். நான் பொறியாளன் அல்லன். ஆயினும் மதுரையின் புறநகரில் மூன்று சென்ட் மனையில், ஆறு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுக ஒரு வீட்டை எழுப்பி, சென்ற ரஜப் மாதத்தில் குடிபுகுந்தேன், அல்ஹம்துலில்லாஹ். பிள்ளைகளை அழைத்துச் செல்ல வரும் பெற்றோர் என்னிடம் கேட்கும் மார்க்க வினாக்களிலும் பல, வீட்டையும் வீட்டுக் கடனையும் பற்றியவையாகவே இருக்கின்றன. தனித்தனியே சொல்லி வந்தவற்றை இங்கே ஒன்றாகத் தருகிறேன்.

விசாலமான வீடு மனிதனின் நற்பேறுகளில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். தேவைக்கு மேற்பட்ட கட்டடம் அதன் உரிமையாளருக்குச் சுமையாகிவிடும் என்றும் எச்சரித்துள்ளார்கள். வீடு கட்டும் ஒவ்வொருவரும் இவ்விரண்டுக்கும் இடையில்தான் நிற்கிறோம்.

மண்ணை அறிந்துகொள்ளுங்கள்

மதுரையைச் சுற்றிய நிலம் ஒரே தன்மையுடையதன்று. திருமங்கலம், பேரையூர் பக்கம் கரிசல் மண் மிகுதி. அம்மண் மழையில் உப்பும். கோடையில் சுருங்கி, கைவிரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். செம்மண் நிலத்தில் போட்ட அதே கடைக்காலைக் கரிசலில் போட்டால், சில ஆண்டுகளில் சுவர்களின் மூலையில் சாய்வாக வெடிப்பு ஓடும். பூச்சு வேலையால் அதைச் சரிசெய்ய முடியாது. வானம் தோண்டும்போது கெட்டியான மண் தட்டுப்படும்வரை போவதா, குழிக்குள் மணல் நிரப்பிக் கெட்டிப்பதா, அடிப்பாகம் அகன்ற பைல் இறக்கிப் பிளிந்த் பீம் கட்டுவதா என்பதை, மண்ணைச் சோதித்த பின் பொறியாளர் சொல்லட்டும். மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் மண் சோதனைக்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

தண்ணீர் தன் வழியை மறப்பதில்லை. 2024 அக்டோபர் இறுதியில் பெய்த கனமழையில் செல்லூரும் பந்தல்குடி வாய்க்காலை ஒட்டிய தெருக்களும் வெள்ளக்காடானதை நாம் கண்டோம். மனை வாங்குமுன் தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்தைக் கேட்டு, அருகில் கண்மாயோ வாய்க்காலோ ஓடியதா என்று பாருங்கள். குளம், ஏந்தல், நேரி என்று முடியும் ஊர்ப்பெயர்கள் பழைய நீர்நிலையை நினைவூட்டுபவை. அத்தகைய இடத்தில் அவ்வூர் முதியவர் ஒருவரிடம், மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே நிற்கும் என்று கேளுங்கள். நீர்நிலைப் புறம்போக்கு ஊராருக்குப் பொதுவானது. பிறர் நிலத்தில் ஒரு சாண் அபகரித்தவரின் கழுத்தில் ஏழு பூமிகள் மாலையாக்கப்படும் என்ற நபிமொழியை, வேலிக்கல் நடும் நாளில் நினைவில் வையுங்கள்.

அண்டை வீட்டாரின் உரிமை

2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு, சுயசான்று முறையில் இணையவழியே உடனடி அனுமதி கிடைக்கிறது. அதிகாரி வந்து அளக்குமுன், நம் சொல்லை நம்பி அரசு அனுமதி தருகிறது. ஆகவே அந்தச் சுயசான்று ஒரு சாட்சியம். வரைபடத்தில் பக்கவாட்டு இடைவெளியைக் காட்டிவிட்டு, கட்டும்போது அதை விழுங்கினால் அது பொய்ச்சாட்சியாகும்.

நம் சன்ஷேடின் நீர் அடுத்தவர் மனையில் சொட்டக்கூடாது. நம் சன்னல் அவர்கள் வீட்டுச் சமையலறைக்கு நேராகத் திறக்கக்கூடாது. பர்தாவைப் பேணும் நம் இல்லங்களில், எதிரெதிர் சன்னல் அமைந்துவிட்டால் இரண்டு வீட்டாரும் ஆயுள் முழுவதும் கதவைச் சாத்தியே வாழ நேரும். மதுரை வெயிலில் அது பெரும் துன்பம். வரைபடம் போடும்போதே பக்கத்து வீட்டுக்குப் போய், அவர்கள் சன்னல் இருக்கும் இடத்தை அளந்து வாருங்கள். நம் சன்னலை இரண்டடி தள்ளி வைத்தால் காற்றும் வரும், மறைப்பும் இருக்கும்.

கழிவுநீர்த் தொட்டியிலும் அண்டை வீட்டார் உரிமை அடங்கியிருக்கிறது. உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் குறைந்தது 18 மீட்டர், அதாவது ஏறத்தாழ 60 அடி இடைவெளி வேண்டும் என்பது இந்தியத் தர விதி. மூன்று சென்ட் மனையில் இது இயலாது. எனவே பாதாளச் சாக்கடை உள்ள தெருவில் அதனோடு இணைத்துவிடுங்கள். இல்லாத இடத்தில் நீர் கசியாத தொட்டியாகக் கட்டுங்கள். தொட்டிக்குள் எந்த மனிதரும் இறங்கத் தேவையில்லாதபடி, லாரியின் குழாய் எளிதில் எட்டும் இடத்தில் மூடி அமையுங்கள். தக்க பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஓர் உயிரின் மதிப்பை அறிந்த நமக்கு அது சட்டத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் நம் மாநிலத்தில் கட்டாயம். மதுரையில் ஆண்டுக்குச் சுமார் 85 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. 800 சதுர அடி மாடியில் விழும் நீர் மட்டும் 60,000 லிட்டருக்கு மேல். ஒளூச் செய்யும்போதுகூடத் தண்ணீரை வீணாக்காதீர்கள் என்று போதிக்கப்பட்ட சமுதாயம், அதைச் சாக்கடைக்கு அனுப்பலாமா?

பணம் எங்கிருந்து வருகிறது?

வட்டி கூடாது என்பதை எல்லோரும் அறிவர். ஆனால் வங்கிக் கடனைத் தவிர்த்த பலர், வேறு வழியில் அதற்குள்ளேயே போய்விடுகின்றனர். நம் ஊரில் அது பெரும்பாலும் ‘ஒத்தி’ என்ற பெயரில் வருகிறது. கீழ்த்தளத்தைக் கட்டி, ஐந்து இலட்சத்துக்கு ஒத்தி விட்டு, அந்தப் பணத்தில் மேல்தளம் எழுப்புகின்றனர். கொடுத்தவர் வாடகையின்றிக் குடியிருக்கிறார். மூன்றாண்டு கழித்து ஐந்து இலட்சத்தையும் முழுமையாகத் திரும்பப் பெறுகிறார். திரும்பத் தர வேண்டிய பணம் கடனாகும். கடனுக்கு ஈடாக அனுபவிக்கும் பயன் வட்டியாகும் என்றே உலமாக்கள் விளக்குகின்றனர். நியாயமான வாடகையைப் பேசி, முன்பணத்தை வாடகையிலிருந்து மாதந்தோறும் கழித்துக்கொள்வது ஆகுமான வழி. ஏலக் கழிவு இல்லாத குலுக்கல் சீட்டு, உறவினரின் கைமாற்று, ஜமாஅத்தின் பைத்துல்மால் ஆகியவை வேறு வழிகள். இவை எல்லாம் மெதுவானவை. என் வீடு மூன்று ஆண்டுகள் பூச்சின்றிச் செங்கல் தெரிய நின்றது. உறவினர் சிலர் அதைச் சுட்டிக் கேலி பேசினர். என் மனைவி மட்டும், “கடன்காரர் கதவைத் தட்டாத வீட்டில் தூக்கம் வரும்” என்றார்.

வீட்டுக்கென்று சேமித்த ரொக்கத்துக்கும், நிஸாபை அடைந்து ஓராண்டு கடந்தால், ஜகாத் உண்டு என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. குடியிருக்கும் வீட்டுக்கும், கட்டுவதற்கு வாங்கி வைத்த செங்கல், கம்பிக்கும் ஜகாத் இல்லை.

எழுதிக்கொள்ளுங்கள், கூலியைத் தாமதிக்காதீர்கள்

கடனையும் கொடுக்கல் வாங்கலையும் எழுதிக்கொள்ளுமாறு ஏவும் அல்பகரா 282ஆம் வசனம், குர்ஆனிலேயே நீளமான வசனம். மேஸ்திரி தெரிந்தவர், சொந்தக்காரர் என்பதற்காக வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதீர்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்றால் சம்ப், கழிவுநீர்த் தொட்டி, சுற்றுச்சுவர், படிக்கட்டு அறை, சன்ஷேடு ஆகியவை அதில் அடங்குமா? சென்ட்ரிங் பலகை யாருடையது? கம்பியும் சிமென்ட்டும் எந்தத் தரம்? கடைக்கால், லிண்டல், தளம், பூச்சு என எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம்? இவை எழுத்தில் இருந்தால் நட்பு கெடாது.

வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். மேஸ்திரியிடம் பணத்தைக் கொடுத்துவிட்டோம் என்பதோடு நம் பொறுப்பு தீராது. சித்தாளாக வரும் பெண்ணின் கைக்குச் சனிக்கிழமை மாலை கூலி போய்ச் சேர்ந்ததா என்றும் விசாரியுங்கள். அவர் எந்தச் சமயத்தவராயினும், நிழலும் குடிநீரும் ஒதுங்க ஒரு மறைவிடமும் அமைத்துக் கொடுப்பது நம் கடமை.

எம்20 காங்கிரீட் கலவையில் 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்கிறது இந்தியத் தர விதி. கொட்டுவதற்கு எளிதாக இருக்கிறதென்று கூடுதலாக ஊற்றினால் தளத்தின் வலிமை குறையும். தளம் போட்ட பின்போ தண்ணீர் தாராளமாக வேண்டும். இப்போது பரவலாகக் கிடைக்கும் கலப்பு சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள், நம் கோடையில் 14 நாள், பாத்தி கட்டி நீர் நிறுத்துங்கள். தளம் போடும் நாளில் ஆட்டு இரத்தம் தெளிப்பது, திருஷ்டிப் பொம்மை கட்டுவது போன்றவை நமக்கு ஆகாதவை. பாதுகாவலன் அல்லாஹ் ஒருவனே.

கிப்லாவும் கழிப்பறையும்

நம் பக்கத்தில் கிப்லா என்றால் மேற்கு என்றே எண்ணுகின்றனர். மதுரையிலிருந்து கஅபா நேர்மேற்கில் இல்லை. மேற்கிலிருந்து ஏறத்தாழ 22 பாகை வடக்கே இருக்கிறது. ஹனஃபி மத்ஹபில் திசை பொதுவாக அமைந்தாலே தொழுகை நிறைவேறும். ஷாஃபிஈ மத்ஹபில் நேர்த்தி மேலும் வலியுறுத்தப்படுகிறது. புதிதாகக் கட்டுபவருக்குச் சரியாகவே அமைத்துக்கொள்ள எளிய வழி உண்டு. ஆண்டுதோறும் மே 27, 28 நாள்களில் நம் நேரம் பிற்பகல் 2.48 மணிக்கும், ஜூலை 15, 16 நாள்களில் 2.57 மணிக்கும் சூரியன் கஅபாவின் உச்சியில் நிற்கும். அந்நேரத்தில் மனையில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூலின் நிழலைச் சுண்ணாம்பால் கோடிடுங்கள். நிழல் விழும் பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம், அதாவது சூரியன் நிற்கும் பக்கமே கிப்லா. கைப்பேசித் திசைகாட்டி காங்கிரீட் கம்பிகளின் அருகில் பிழையாகக் காட்டக்கூடும். நிழலுக்கு அந்தக் குறை இல்லை.

கழிப்பறையில் கிப்லாவை முன்னோக்குவதும் பின்னோக்குவதும் நபிமொழியில் தடுக்கப்பட்டுள்ளன. கட்டடத்துக்குள் அதற்கு விலக்கு உண்டா என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. தெற்கு வடக்காகப் பொருத்திவிட்டால் அந்த வேறுபாட்டுக்குள் போக வேண்டியதே இல்லை.

முதியோரும் ஜனாஸாவும்

வரைபடத்தில் யாரும் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். என் அத்தா, நாங்கள் வாடகைக்கு இருந்த ஒரு மாடி வீட்டில் வஃபாத்தானார். படிக்கட்டு இரண்டு முறை வளைந்து இறங்கும். அகலம் இரண்டரை அடி. சந்தூக் மேலே ஏறவில்லை. குளிப்பாட்ட இடமும் இல்லை. நான்கு பேர் போர்வையில் தாங்கி, சுவரில் உரசாமல் இருக்க ஒவ்வொரு படியாக நின்று நின்று இறக்கினோம். கடைசி ஈராண்டும் அவர் அந்தப் படிகளால்தான் ஜும்ஆவுக்குப் போக முடியாமல் இருந்தார் என்பதும் அன்றுதான் என் நெஞ்சில் உறைத்தது.

ஆகவே, புதிய வீட்டில் மற்றவற்றைச் சுருக்கினாலும் இவற்றைச் சுருக்காதீர்கள்: தரைத்தளத்தில் ஓர் அறை, அதையொட்டி மூன்றடிக் கதவும் வழுக்காத தரையும் கைப்பிடியும் உள்ள குளியலறை, வாசலிலிருந்து அவ்வறை வரை ஆறரை அடி நீளமுள்ள சந்தூக் தடையின்றித் திரும்பும் வழி, குளிப்பாட்ட நீர் வடியும் வசதியோடு மறைவான ஓர் இடம். அதே வழியில் சக்கர நாற்காலியும் வரும், பிரசவித்த மகளும் சிரமமின்றி வருவாள். முன்வாசல் வளைவுக்கும் பளிங்குக்கும் ஒதுக்கும் தொகையில் சிறு பகுதி இதற்குப் போதும்.

நாம் கட்டும் வீட்டில் நம் பெற்றோர் கண்ணியத்தோடு வாழவும், நம் பிள்ளைகள் ஹலாலான கூரையின்கீழ் ஓதி வளரவும், நமக்குரிய நாள் வரும்போது அவ்வீட்டிலிருந்து எளிதாகப் புறப்படவும் அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.