ஹாலேயில் கடைசி நாள்



ஜெர்மனிப் பயணத்தைப் பற்றி நாலு பதிவு போட்டீர்களே, கடைசி நாளை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள் என்று தங்கை மகள் கேட்டாள். நீண்டுவிடும் என்றுதான் தள்ளிப்போட்டேன். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். படிக்காமலே லைக் போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்!

முந்தைய பதிவுகளைப் படிக்காதவர்களுக்காக இரண்டு வார்த்தை. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு படித்த ஊர் ஹாலே. அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் அனுப்பிய கடிதங்கள், அறிக்கைகள், ஓலைச்சுவடிகள் எல்லாம் அங்கே பிராங்கே என்பவர் தொடங்கிய கல்வி நிலையத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நம் ஊர்த் திண்ணைப் பள்ளிகளைப் பற்றி அவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் மூன்று வாரம் போனேன். அதற்காகவே ஓய்வு பெற்ற பிறகு சென்னை மேக்ஸ் முல்லர் பவனில் பேரன் வயசுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஜெர்மன் படித்தேன்.

என் தாத்தா சீர்காழிப் பக்கம் திண்ணைப் பள்ளி வாத்தியார். கூலி நெல்லாக வரும். அவர் எப்படிச் சொல்லிக்கொடுத்தார் என்று கேட்டு வைத்துக்கொள்ள வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் சீகன்பால்கு எப்படித் தமிழ் படித்தார் என்பது எழுத்தில் இருக்கிறது. வயதான வாத்தியார் ஒருவரின் பள்ளியைத் தன் வீட்டுக்கே வரவழைத்து, சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதிப் பழகினார். இந்த வயதில் என்னை அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போனது அந்த மணல்தான்.

கடைசி நாள் காலையில் கணக்குப் பார்த்தால், இன்னும் நாற்பது பக்கம் எழுதி எடுக்க வேண்டியிருந்தது. மறுநாள் விடிகாலையில் ரயில். மதியம் சாப்பாட்டை விட்டுவிட்டு அரை மணி நேரம் பழைய அநாதை இல்லத்தின் மேல்மாடியில் இருக்கும் அருங்காட்சி அறைக்கு ஓடினேன். 18-ஆம் நூற்றாண்டில் சேர்த்தவை, அந்தக் காலத்து அலமாரிகளிலேயே இருக்கின்றன. கூரையில் ஒரு முதலை தொங்குகிறது. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், பேரப்பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

திரும்பி வந்து பென்சிலைக் கையில் எடுத்தேன் (அங்கே பேனாவுக்கு அனுமதி இல்லை). மூன்று வாரமாக எனக்குக் கட்டுகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அம்மா ஒரு புத்தகத்தோடு பக்கத்தில் வந்து நின்றார். கொன்றை வேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூன்றையும் சீகன்பால்கு 1708-லேயே ஜெர்மனில் பெயர்த்துவிட்டார். இருநூறு வருடத்துக்கு மேல் அச்சேறாமல் கிடந்து, 1930-ல் காலந்து என்ற டச்சு அறிஞர்தான் பதிப்பித்தார். அந்தப் பதிப்பு அது.

கொன்றை வேந்தன் பக்கத்தைத் திறந்து ஒரு சந்தேகம் கேட்டார். "ஒரு வரி தாய் தகப்பனைப் பற்றி, அடுத்தது கோயில், அடுத்தது இல்லறம், உடனே கஞ்சன் சொத்து. வரிசை குழம்பிவிட்டதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு தாளில் அ, ஆ, இ, ஈ என்று எழுதி, ஒவ்வொரு வரியும் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று காட்டினேன். பாடமும் அதுதான், அரிச்சுவடியும் அதுதான். ஜெர்மனுக்குப் போனதும் நீதி மட்டும் போயிற்று, எழுத்து இங்கேயே தங்கிவிட்டது. மணலில் எழுதிப் படித்த மனிதருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? வேறு வழியில்லை, அவ்வளவுதான்.

"காதால் கேட்டால் எப்படி இருக்கும்?" என்றார். படிக்கும் அறையில் பேசக்கூடாது. நாற்பது பக்கம் மேஜையில் கிடக்கிறது. ஒரு நிமிடம் யோசித்தேன், பிறகு எழுந்து நடைவழிக்குப் போய்விட்டோம். அவர் ஒரு வரி ஜெர்மனில் படிப்பார், நான் அதைத் தமிழில் சொல்வேன்.

ககர வருக்கம் வந்தபோதுதான் கவனித்தேன், நான் சொல்லவில்லை, ராகம் போட்டுக்கொண்டிருக்கிறேன். கடைசிச் சீரை இழுத்து, அடுத்த வரியின் முதல் எழுத்தில் அழுத்தி நிறுத்துகிற ராகம். என் வகுப்பில் படித்தவர்களுக்குத் தெரியும், 34 வருடத்தில் ஒரு நாள்கூட நான் அப்படிச் சொல்லிக்கொடுத்ததில்லை. அப்பா சவரம் செய்யும்போது முனகுவார். அவருக்குத் தாத்தாவிடமிருந்து வந்தது. தொண்டை அடைத்தது. அந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை, அடுத்த வரியைப் படித்தார்.

91 வரியையும் முடிக்கவில்லை. நகர வருக்கத்தில் இருக்கும்போது காப்பகத்தை மூடும் நேரமாகிவிட்டது. பகரம், மகரம், வகரம் பாக்கி.

எழுதி எடுக்காத அந்த நாற்பது பக்கமும் பாக்கி. லைப்சிக்கிலோ பெர்லினிலோ நம் பள்ளிப் பிள்ளைகள் யாராவது இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கப்பா. கட்டு எண்ணெல்லாம் குறித்து வைத்திருக்கிறேன், அனுப்புகிறேன். பழைய கோத்திக் அச்சுதான், இரண்டு நாள் பார்த்தால் பழகிவிடும். மறக்காமல் பென்சில் எடுத்துக்கொண்டு போங்கள்.