குட்டி யானைகளின் பூர்வ ஜென்மம்

நமக்கு ஒரு கிறுக்குப் பழக்கம் உண்டுங்க. ரோட்டோரம் பழைய குட்டி யானை நின்னா, அதைச் சுத்தி ஒரு ரவுண்டு வந்து, "இது போன ஜென்மத்துல என்னவா இருந்திருக்கும்?"னு ஆராய்ச்சி பண்றது. (வீட்டம்மா அந்த நேரத்துல பத்தடி தள்ளிப் போய், யாரோ எவரோ மாதிரி நின்னுக்குவாங்க.)

குட்டி யானைன்னா டாடா ஏஸ்தான். 2005 மே மாசம் வந்துச்சு. இண்டிகா காரோட நாலு சிலிண்டர் என்ஜினைப் பாதியாக்கின மாதிரி ரெண்டு சிலிண்டர், சுமார் 700 சிசி, 16 குதிரைசக்தி. முக்கால் டன் ஏத்தலாம்னு கணக்கு. நம்மாளுங்க எவ்வளவு ஏத்தினாங்கங்கிறது ஊரறிஞ்ச ரகசியம். வண்டியை வடிவமைக்கறதுக்கு முன்னாடி மூணு சக்கர வண்டிக்காரங்ககிட்ட போய் என்ன வேணும்னு கேட்டாங்களாம். நாலு சக்கரமா இருந்தா ஊர்ல எனக்குப் பொண்ணு கிடைக்கும்ங்கிற மாதிரி ஒருத்தர் சொன்னதா ஒரு கதை உண்டு. ஆக, பொறக்கும்போதே கல்யாணக் கனவோட பொறந்த வண்டி! அந்த முதல் ஈடுல வந்ததுக்கெல்லாம் இப்ப இருபது வயசு தாண்டிடுச்சு.

முதல் தடயம் நம்பர் பிளேட். தமிழ்நாட்டுக்குள்ள எத்தனை கை மாறினாலும் நம்பர் மாறாது. திருப்பூர்ல பனியன் துணி மூட்டையோட போற வண்டியில டிஎன் 72னு இருந்தா, அது திருநெல்வேலியில பொறந்தது. டிஎன் 43ன்னா நீலகிரி. உடனே மனசுக்குள்ள கேரட் மூட்டையும் மேட்டுப்பாளையம் மண்டியும் வந்துடும்.

ரெண்டாவது தடயம் துரு. பின்னாடி தரைத்தகடு மூலைமூலைக்கு அரிச்சுப் போயிருந்தா, மீன் ஏத்தின வண்டியா இருக்கலாம். உப்பும் ஐஸ் தண்ணியும் செஞ்ச வேலை. வட்ட வட்டமா தேய்ஞ்ச தடம் இருந்தா தண்ணி கேன் ஏஜென்சி. கேபினுக்கு மேல ரெண்டு கம்பி வெல்டிங் வச்சிருந்தா ஸ்பீக்கர் கட்டினது. வெங்காயம் வித்திருக்கும், இல்லைன்னா ஓட்டு கேட்டிருக்கும்!

மூணாவதுதான் முக்கியம். பழைய பெயிண்ட். புது பெயிண்டுக்கு அடியில லேசாத் தெரியற சாமி பேரு, புள்ளைங்க பேரு. (எப்பவும் பையன் பேருதான் முதல்ல இருக்கும், கவனிச்சிருக்கீங்களா?) அந்தப் பேரை வச்சு ஒரு குடும்பத்தையே உருவாக்கிடுவேன். தொழில் நல்லா வளர்ந்து, அண்ணாச்சி பெரிய வண்டி வாங்கிட்டு இதை வித்துட்டார், பையன் இன்ஜினியரிங் படிக்கிறான்னு கதை சுபமா முடியும்.

நிற்க. எல்லா வண்டியும் அப்படிக் கை மாறாது.

2020ல கொரோனா வந்து பனியன் கம்பெனியெல்லாம் மூடினப்ப, லோடு வண்டிக்கும் வேலை இல்லாமப் போச்சு. மார்ச்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் தவணையைத் தள்ளி வைக்கலாம்னு ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்துச்சு. தவணை நின்னுச்சு, வட்டி நிக்கலை. ஆறு மாசம் கழிச்சு பலருக்குக் கடன் முன்னைவிடப் பெரிசா நின்னுச்சு. தவணை கட்ட முடியாதவங்க வண்டியைக் கடன் கொடுத்தவங்க தூக்கிட்டுப் போய்டுவாங்க. ஆர்சியைத் தங்க பேருக்கு மாத்திக்க ஃபார்ம் 36னு ஒண்ணே இருக்கு. அப்புறம் யார்டு, ஏலம்.

போன வருஷம் நாங்க வீடு மாத்தினப்ப வந்த குட்டி யானையில, பின் டோர்ல வெளிறிப்போன சிவப்புல ரெண்டு பேரு. "உங்க பசங்களாண்ணே?"ன்னு கேட்டேன். டிரைவர் அண்ணன் கயிறை இறுக்கிட்டே சொன்னார்:

"இல்லீங்க தம்பி. இது ஏலத்துல எடுத்த வண்டி. எடுக்கப் போன அன்னிக்கு பழைய ஓனரும் யார்டுக்கு வந்திருந்தாருங்க. கேபின்ல இருந்த சாமி படத்தை மட்டும் எடுத்துக்கறேன்னு கேட்டு வாங்கிட்டாரு. போறப்ப இந்தப் பேரைக் கையில தொட்டுப் பாத்துட்டுப் போனாருங்க. அதுக்கப்புறம் எப்படீங்க இது மேல பெயிண்ட் அடிக்கறது?"

எனக்கு என்ன பேசறதுன்னு தெரியலை. பீரோவோட ஒரு முனையைப் பிடிச்சுத் தூக்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

அந்த ரெண்டு பேருக்குக் கீழே, புது மஞ்சள் பெயிண்ட்ல இன்னொரு பேரு எழுதியிருந்துச்சு. அது அவரோட பொண்ணு பேராம். மூணு புள்ளைங்களும் ஒரே டோர்ல அண்ணன் தங்கச்சி மாதிரி ஊரைச் சுத்திட்டு இருக்காங்க. அவங்கள்ல ரெண்டு பேருக்கு அது தெரியவே தெரியாது.

இப்பவும் பழைய வண்டியைப் பாத்தா சுத்தி வர்றதை விடலை. ஆனா துருவைத் தேடறதில்லை. அழிக்காம விட்ட பேரு ஏதாச்சும் இருக்கான்னுதான் முதல்ல பாக்கறேன்.